வாஷிங்டன், பெய்ஜிங், நடுவழி: சீனத்தை எதிர்கொள்ள ஐரோப்பாவுக்கு உள்ள வழிகள்

2025 ஜூலை மாதக் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு வல்லரசுகளின் தலைவர்களைச் சந்தித்தார். 24ஆம் தேதி பெய்ஜிங்கில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கையும் பிரதமர் லி சியாங்கையும் சந்தித்த அவர், 27ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில், அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்குச் சொந்தமான கோல்ஃப் விடுதியில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். ஐரோப்பாவுக்கும் சீனத்துக்கும் தூதரக உறவு ஏற்பட்டு ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததையொட்டி நடந்த பெய்ஜிங் கூட்டம், முறைப்படி ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் நடந்திருக்க வேண்டியது. ஷி அங்கு வர இசையாததால் இடம் மாறியது. இரண்டு நாள் நிகழ்ச்சி ஒரு நாளாகச் சுருங்கியது. பருவநிலை பற்றிய ஓர் அறிக்கையைத் தவிர வேறெதுவும் கைக்கு வரவில்லை. டர்ன்பெரியில் கைக்கு வந்தது என்னவோ உடன்பாடுதான். ஆனால் ஐரோப்பியப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 15 விழுக்காடு அமெரிக்க வரியை ஏற்றுக்கொண்டு, 75,000 கோடி டாலருக்கு அமெரிக்க எரிசக்தியை வாங்குவதாகவும் வாக்களித்த பிறகே அது கிடைத்தது.

இந்த இரண்டு சந்திப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சீனத்தோடு எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வியை அமெரிக்காவைத் தள்ளிவைத்துவிட்டு ஐரோப்பாவால் கேட்கவே முடியாது என்பது விளங்கும். ஐரோப்பியத் தலைநகரங்களில் பேசப்படும் வழிகள் பல என்றாலும், அவற்றை நான்காகத் தொகுக்கலாம்: அமெரிக்காவோடு முழுமையாக அணிசேர்வது, சீனத்தோடு நெருங்குவது, இரண்டிலிருந்தும் சம தூரத்தில் நிற்பது, ஒவ்வொரு துறையாகச் சார்பைக் குறைத்துக்கொண்டே வணிகத்தைத் தொடர்வது. இவற்றை ஒப்பிடும்போது வணிக லாபம், பாதுகாப்பு, உக்ரைன் என்று பல அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம். என் பார்வையில் எல்லாவற்றுக்கும் முன்னே வைக்க வேண்டிய அளவுகோல் வேறு. ஒன்றியத்தின் 27 நாடுகளும், ஆட்சிகள் மாறினாலும், பத்து ஆண்டுகளுக்குச் சேர்ந்து தாங்கக்கூடிய வழி எது என்பதே அது. ஏட்டளவில் எவ்வளவு சிறந்த கொள்கையாக இருந்தாலும், பாதி நாடுகள் இரண்டாம் ஆண்டிலேயே நழுவிவிடுமானால் அதனால் பயனில்லை.

1975 மே மாதத்தில் அன்றைய ஐரோப்பிய ஆணையத் துணைத் தலைவர் கிறிஸ்டோபர் சோம்ஸ் பெய்ஜிங் சென்றபோது ஏற்பட்ட இந்த உறவு, 2003இல் விரிவான கேந்திரக் கூட்டுறவு என்ற நிலைக்கு உயர்ந்தது. 2019 மார்ச்சில் ஆணையம் வெளியிட்ட ஆவணமோ, சீனத்தை ஒத்துழைக்கும் பங்காளி, பொருளாதாரப் போட்டியாளர், ஆட்சிமுறையில் எதிராளி என்று ஒரே மூச்சில் மூன்று விதமாக வருணித்தது. ஒரே ஆளைச் சம்பந்தி என்றும், எதிர்க்கடைக்காரர் என்றும், வழக்கில் எதிர்வாதி என்றும் சொல்வது போன்றது இது. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது எந்த முகத்தோடு நிற்பது என்பதை அந்த ஆவணம் சொல்லவில்லை. கடந்த ஆறேழு ஆண்டுகளின் குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

அமெரிக்காவோடு அணிசேர்வது

இந்த வழிக்குச் சாதகமான வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. ஐரோப்பாவின் பாதுகாப்பு நேட்டோவை நம்பி இருக்கிறது. உக்ரைன் போரில் அமெரிக்க ஆயுதமும் உளவுத் தகவலும் இன்றியமையாதவை. ஆகவே சீன விவகாரத்தில் வாஷிங்டனின் நிலைப்பாட்டை ஏற்பது அந்தப் பாதுகாப்புக்குச் செலுத்தும் கட்டணம். சில துறைகளில் இது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. நெதர்லாந்தின் வெல்தோவனில் உள்ள ஏஎஸ்எம்எல் நிறுவனம்தான் மிக நுண்ணிய கணினிச் சில்லுகளை அச்சிடத் தேவையான அதிதீவிரப் புற ஊதா (EUV) இயந்திரங்களை உலகில் தயாரிக்கும் ஒரே நிறுவனம். அவற்றில் ஒன்றுகூடச் சீனத்துக்கு அனுப்பப்பட்டதில்லை. 2023 முதல் அதற்கு அடுத்த நிலை இயந்திரங்கள் சிலவற்றுக்கும் டச்சு அரசின் உரிமம் தேவைப்படுகிறது. இவை டச்சு அரசின் முடிவுகள்தான் என்றாலும், பின்னணியில் அமெரிக்க அழுத்தம் இருந்தது ஊரறிந்த விஷயம்.

சிக்கல் என்னவென்றால், கட்டணம் செலுத்துபவர் ஒருவராகவும் பேரம் பேசுபவர் இன்னொருவராகவும் இருக்கிறார்கள். 2025 அக்டோபர் 9 அன்று சீனம், காந்தங்களுக்கும் பல தொழில்களுக்கும் தேவையான அருமண் தனிமங்கள் (rare earths) மீதான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை மிகப் பெரிதாக விரித்தது. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் பதறின. அக்டோபர் 30 அன்று தென் கொரியாவின் பூசானில் டிரம்ப்பும் ஷியும் சந்தித்த பிறகு அந்தப் புதிய கட்டுப்பாடு ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் அதனால் நிம்மதி கிடைத்தது. ஆனால் அந்த மேசையில் ஐரோப்பியர் எவரும் இல்லை. அடுத்தவர் செய்துகொண்ட சமரசத்தால் கிடைத்த நிம்மதி, அடுத்தவர் சண்டையால் பறிபோகவும் கூடும். 2026 ஜனவரியில் டென்மார்க்குக்கு உட்பட்ட கிரீன்லாந்தை அமெரிக்காவுக்குக் கேட்ட விவகாரத்தை முன்வைத்து எட்டு ஐரோப்பிய நாடுகள் மீது கூடுதல் வரி விதிக்கப்போவதாக டிரம்ப் அறிவித்துச் சில நாள்களில் பின்வாங்கியபோது, எதிராளியிடமிருந்து காக்க வேண்டிய நட்பு நாடே அச்சுறுத்துமானால் எந்த அணியில் சேர்வது என்ற கேள்வி டென்மார்க் போன்ற, அமெரிக்கச் சார்பில் ஊறிய நாடுகளிலேயே எழுந்தது. முன்பு போலந்தும் பால்டிக் நாடுகளும் இந்த வழியைத் தயக்கமின்றி ஆதரித்திருக்கும். இப்போது அவர்களிடத்திலும் அந்தப் பழைய உறுதியை எதிர்பார்க்க முடியாது.

சீனத்தோடு நெருங்குவது

அமெரிக்கா கைவிரித்தால் பெய்ஜிங் பக்கம் திரும்புவதுதானே இயல்பு என்ற குரல் 2025இன் தொடக்கத்தில் பலமாகக் கேட்டது. ஸ்பெயினின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் அந்த ஏப்ரலில், இரண்டு ஆண்டுகளில் மூன்றாம் முறையாகப் பெய்ஜிங் சென்றார். ஏப்ரல் இறுதியில் சீனமும், 2021இல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் மீது விதித்திருந்த தடைகளை நீக்க ஒப்புக்கொண்டது.

இந்த வழியின் கவர்ச்சி கண்ணுக்குத் தெரியும் தொழிற்சாலைகளில் இருக்கிறது. ஹங்கேரியின் டெப்ரெட்சனில் சீனத்தின் சிஏடிஎல் (CATL) நிறுவனத்தின் மின்கல ஆலை, செகெட்டில் இன்னொரு சீன நிறுவனமான பிஒய்டியின் கார் ஆலை, ஸ்பெயினின் சரகோசாவில் ஐரோப்பியக் கார் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸோடு சிஏடிஎல் கூட்டாக 410 கோடி யூரோ முதலீட்டில் எழுப்பும் மின்கல ஆலை என்று பட்டியல் நீள்கிறது. மின்சார வாகனத் தொழில்நுட்பத்தில் சீனம் ஐரோப்பாவை முந்திவிட்டது என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஷாங்காயில் ஜெர்மானியர்களிடமிருந்து சீனர்கள் கற்றது போல இப்போது ஐரோப்பியர்கள் கற்கலாமே என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இருந்தும் இந்த வழி இரண்டு இடங்களில் முட்டுகிறது. முதலாவது உக்ரைன். ரஷ்யா போரில் தோற்பதைச் சீனத்தால் ஏற்க முடியாது என்று வெளியுறவு அமைச்சர் வாங் யி 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவர் காயா கல்லாஸிடம் சொன்னதாக ஹாங்காங் நாளிதழ் ஒன்று செய்தி வெளியிட்டது. எஸ்தோனியாவின் முன்னாள் பிரதமரான கல்லாஸிடம் அதைச் சொன்னது வெறும் தூதரகப் பேச்சாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ரஷ்ய எல்லையில் வாழும் நாடுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சரகோசாவில் எத்தனை ஆலைகள் வந்தாலும் அவர்கள் மனம் மாறப்போவதில்லை.

இரண்டாவது, நெருக்கம் என்பது இதுவரை ஒன்றியத்தோடு ஏற்பட்டதில்லை. தனித்தனி நாடுகளோடுதான் ஏற்பட்டிருக்கிறது. கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் 2016இல் 51 விழுக்காடு பங்கை வாங்கிய சீன அரசுக் கப்பல் நிறுவனமான காஸ்கோ, 2021இல் அதை 67 விழுக்காடாக உயர்த்திக்கொண்டது. இடையில் 2017இல், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் சீனத்தைக் குறைகூறும் ஒன்றிய அறிக்கையைக் கிரீஸ் தடுத்து நிறுத்தியது. ஒன்றுக்கு ஒன்று விலையாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லச் சான்று இல்லை. ஆனால் வெளியுறவு விவகாரத்தில் ஒருமனதான முடிவு தேவைப்படும் ஓர் அமைப்பில், ஒரே ஒரு நாட்டின் தயக்கம் போதும் என்பதைப் பெய்ஜிங் அன்று பார்த்துவிட்டது. லிதுவேனியாவுக்கு நடந்தது இதன் மறுபக்கம். 2021 நவம்பரில் அதன் தலைநகர் வில்னியஸில் தைவான் என்ற பெயரிலேயே பிரதிநிதி அலுவலகம் திறக்கப்பட்டதும், லிதுவேனியப் பொருள்கள் சீனத் துறைமுகங்களில் நுழைய முடியாமல் போயின. லிதுவேனிய உதிரிபாகங்கள் கொண்ட ஜெர்மன் பொருள்களுக்குக்கூட நெருக்கடி வந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

சம தூரம்

பிரான்ஸின் அதிபர் எமானுவேல் மக்ரோன் நீண்ட காலமாக வலியுறுத்திவரும் தன்னாட்சிக் கொள்கை, கேட்பதற்குக் கம்பீரமானது. 2023 ஏப்ரலில் சீனத்திலிருந்து திரும்பும் வழியில், தைவான் விவகாரத்தில் ஐரோப்பா தன்னுடையதல்லாத நெருக்கடிகளில் சிக்கக் கூடாது என்ற பொருளில் அவர் பேசியது பெரும் சர்ச்சையானது. அன்று அவரைத் திட்டியவர்களில் சிலர், 2026இன் கிரீன்லாந்து விவகாரத்துக்குப் பிறகு மறுபடி யோசித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆயினும் சம தூரம் என்பது இரு பக்கமும் சமமான ஆபத்து இருந்தால்தான் பொருள்படும். அமெரிக்காவை நம்பியிருப்பது படையிலும், மேகக் கணினியிலும், எரிவாயுவிலும். சீனத்தை நம்பியிருப்பது காந்தங்களிலும், மின்கலங்களிலும், மருந்து மூலப்பொருள்களிலும். இரண்டையும் ஒரே நூலால் அளக்க முடியாது. தனித்து நிற்கத் தேவையான படைபலமும் பொதுக் கருவூலமும் ஒன்றியத்துக்கு இன்று இல்லை என்பதால், சம தூரம் இப்போதைக்கு ஒரு கொள்கை என்பதைவிட ஓர் ஆசை. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. மக்ரோனே 2025 டிசம்பரில் பெய்ஜிங்கும் செங்டூவும் சென்று திரும்பியதும், வணிகப் பற்றாக்குறையைச் சீனம் சரிசெய்யாவிட்டால் வரி விதிக்க நேரும் என்று எச்சரித்தார். சம தூரத்தில் நிற்பவர் பேசும் பேச்சு அல்ல அது.

துறை துறையாகச் சார்பைக் குறைப்பது

நான்காவது வழியே அதிகாரபூர்வக் கொள்கை. 2023 மார்ச் 30 அன்று வான் டெர் லேயன் பிரஸ்ஸல்ஸில் ஆற்றிய உரையில், உறவைத் துண்டிப்பது அல்ல, ஆபத்தைக் குறைப்பதே நோக்கம் என்றார். யாரையும் பகைக்காத, யாருக்கும் செலவு வைக்காத சொல் என்பதால் 27 நாடுகளும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டன. செலவுக் கணக்கு வந்தபோதுதான் ஒற்றுமையின் உண்மையான அளவு தெரிந்தது.

மின்சாரக் கார் வரியை எடுத்துக்கொள்வோம். சீன அரசின் மானியத்தால் விலை செயற்கையாகக் குறைகிறது என்று விசாரித்து முடிவு செய்த ஆணையம், வழக்கமான 10 விழுக்காடு வரிக்கு மேல் சீனக் கார் நிறுவனங்களான பிஒய்டிக்கு 17, கீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3 விழுக்காடு என்று 2024 அக்டோபர் இறுதியில் ஐந்தாண்டுக் கூடுதல் வரி விதித்தது. அதற்கு முன் அக்டோபர் 4 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரித்தவை 10 நாடுகள். எதிர்த்தவை ஜெர்மனி உட்பட 5. வாக்களிக்காமல் ஒதுங்கியவை 12. தடுக்கத்தான் பெரும்பான்மை வேண்டும் என்ற விதி இருந்ததால் முடிவு நிறைவேறியதே தவிர, மனமுவந்து கை தூக்கியவர்கள் பத்துப் பேர் மட்டுமே. சீனத்தின் பதிலடியும் கணக்குப் பார்த்தே வந்தது. பிராந்தி மீது விசாரணை என்றால் பிரான்ஸுக்கு வலி. பன்றி இறைச்சி என்றால் ஸ்பெயினுக்கு. ஸ்பெயின் பிரதமர் 2024 செப்டம்பரில் சீனத்தில் இருந்தபோதே வரியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். அடுத்த மாத வாக்கெடுப்பில் ஸ்பெயின் ஒதுங்கிக்கொண்டது. ஜெர்மனியின் எதிர்ப்புக்கும் காரணம் இருக்கிறது. வோக்ஸ்வாகன் குழுமத்தின் குப்ரா தவாஸ்கான் கார் சீனத்தின் அன்ஹுய் மாநிலத்தில் தயாராகி ஐரோப்பாவுக்கு வருகிறது. ஐரோப்பா விதித்த வரி ஐரோப்பியக் காரின் மீதே விழுந்தது.

இந்த வழியின் கடினத்தை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் நெக்ஸ்பீரியாவைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் நைமேகனைத் தலைமையிடமாகக் கொண்ட, சீனத்தின் விங்டெக் நிறுவனத்துக்குச் சொந்தமான இந்தக் கம்பெனி தயாரிப்பவை உலகை வியக்க வைக்கும் சில்லுகள் அல்ல. காரின் கண்ணாடியை ஏற்றி இறக்கவும், விளக்கை எரியவைக்கவும் உதவும் டயோடுகளும் டிரான்சிஸ்டர்களும்தான். ஒன்றின் விலை சில காசுகள். சிலிக்கான் வில்லைகள் ஹாம்பர்கில் உருவாகி, வெட்டி உறையிடச் சீனத்தின் டோங்குவான் போய், அங்கிருந்து மறுபடி ஐரோப்பியக் கார் ஆலைகளுக்கு வருகின்றன. 2025 செப்டம்பர் 30 அன்று டச்சு அரசு, தொழில்நுட்பமும் உற்பத்தியும் சீனத்துக்கு இடம்பெயர்ந்துவிடும் என்று அஞ்சி, 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து நிறுவனத்தின் முடிவுகளைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. நான்கே நாள்களில் டோங்குவானிலிருந்து ஏற்றுமதி நின்றது. சில வாரங்களில் கார் நிறுவனங்கள் கையிருப்பை எண்ணத் தொடங்கின. நவம்பர் 19 அன்று டச்சு அரசு தன் உத்தரவை நிறுத்திவைத்தது. சார்பைக் குறைக்க எடுத்த நடவடிக்கை, சார்பு எவ்வளவு ஆழமானது என்பதைப் பாடமாகக் காட்டிவிட்டு ஓய்ந்தது. சாவியைக் கையில் எடுத்தவர், கதவு யார் பக்கம் திறக்கிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் இந்த வழியும் தோற்றதா? அப்படிச் சொல்ல மாட்டேன். தோற்றது வரிசைதான். மாற்று ஏற்பாடு வரும் முன் மோதியதால் வந்த தோல்வி அது. மூலப்பொருள்களைப் பற்றிய 2024ஆம் ஆண்டுச் சட்டம், 2030க்குள் ஒன்றியத்தின் தேவையில் 10 விழுக்காட்டை உள்ளேயே தோண்டியெடுக்கவும், 40 விழுக்காட்டை உள்ளேயே சுத்திகரிக்கவும், எந்த ஒரு வெளிநாட்டையும் 65 விழுக்காட்டுக்கு மேல் நம்பாமலிருக்கவும் இலக்கு வைக்கிறது. இலக்கு சரி. ஆனால் சுரங்கம் தோண்ட உள்ளூர் எதிர்ப்பு, ஆலை கட்ட மின்சார விலை, விலையில் போட்டியிட முடியாத நிலை என்று ஒவ்வொரு படியிலும் பணம் தேவைப்படுகிறது. அந்தப் பணம் எந்தக் கருவூலத்திலிருந்து வரும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சூரியத் தகடுகளின் வரலாறு எச்சரிக்கையாக நிற்கிறது. 2013இல் சீனத் தகடுகள் மீது வரியும் குறைந்தபட்ச விலையும் விதித்த ஒன்றியம், உள்நாட்டு ஆலைகளுக்கு வேறு எந்த ஊன்றுகோலும் தராமல் 2018இல் அவற்றை நீக்கியது. இன்று ஐரோப்பியக் கூரைகளில் ஏறும் தகடுகளில் மிகப் பெரும்பாலானவை சீனத்திலிருந்தே வருகின்றன.

மற்ற சந்தைகளைத் தேடுவதும் இதே வழியின் பகுதி. 2026 ஜனவரி 27 அன்று இந்தியாவுடனான தடையற்ற வணிக உடன்பாட்டுப் பேச்சுவார்த்தை புதுதில்லியில் முடிவுக்கு வந்ததில், சீனத்தையும் அமெரிக்காவையும் ஒருசேர நம்ப முடியாத ஐரோப்பாவின் அவசரத்துக்குப் பங்குண்டு. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த வரிச் சலுகை இதனால் கைகூடும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஆனால் அருமண் காந்தங்களையோ மின்கலங்களையோ இந்தியாவால் நாளையே தந்துவிட முடியாது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எதைத் தேர்வது

27 நாடுகளும் தாங்கக்கூடியது எது என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், முதல் வழி வாஷிங்டனின் மனநிலையைப் பொறுத்து ஆடுகிறது. இரண்டாவது வழி கிழக்கு ஐரோப்பாவில் எடுபடாது. மூன்றாவதற்கு இன்று இல்லாத பலம் வேண்டும். நான்காவது ஒன்றே எஞ்சி நிற்கிறது. ஆனால் இப்போது நடக்கும் விதத்தில் அல்ல. மூன்று மாற்றங்கள் இல்லாமல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிரடியால் பாதிக்கப்படும் நாட்டின் இழப்பைப் பொதுக் கருவூலம் ஈடுசெய்ய வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்வேன். பன்றி வளர்க்கும் ஸ்பானிய விவசாயிக்கு, ஐரோப்பியக் கார் ஆலைகளைக் காக்க விதித்த வரியால் வந்த நட்டத்தை யாரும் திருப்பித் தராத வரை, ஸ்பெயின் ஒதுங்கத்தான் செய்யும். அதைக் கோழைத்தனம் என்று பிரஸ்ஸல்ஸ் சொல்வதில் நியாயமில்லை. அடுத்தது, லிதுவேனிய அனுபவத்துக்குப் பிறகு 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வற்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம்; வணிக நெருக்கடி தந்து ஓர் உறுப்பு நாட்டைப் பணியவைக்க முயலும் வெளிநாட்டுக்கு ஒன்றியமே பதிலடி கொடுக்க இது வழிசெய்கிறது. இதற்கு ஒருமனதான ஒப்புதல் தேவையில்லை. தகுதிப் பெரும்பான்மை போதும். ஒரு நாட்டை வளைத்து மற்ற எல்லாரையும் தடுக்கும் பழைய உத்தி இதற்கு எதிரே பலிக்காது என்பதால், வாளை உறையிலேயே வைத்திருந்தாலும் அதை எடுக்கும் மனம் இருக்கிறது என்பதையாவது காட்ட வேண்டும். சீனத்துக்கு மட்டுமின்றி அமெரிக்காவுக்கும் அது காட்டப்பட வேண்டும்; கிரீன்லாந்து விவகாரத்தின்போது அந்தப் பேச்சு எழுந்ததே கொஞ்சம் பலன் தந்தது என்பது என் கணிப்பு. மூன்றாவது, நெக்ஸ்பீரியா கற்பித்த வரிசை: மாற்று ஆலை ஓடத் தொடங்கிய பிறகே கட்டுப்பாடு, அதுவரை பேச்சுவார்த்தை.

மாற்று ஆலை என்பது வெறும் கற்பனையும் அல்ல. எஸ்தோனியாவின் நார்வாவில், ரஷ்ய எல்லையாக ஓடும் ஆற்றை ஒட்டிய அந்த ஊரில், 2025 செப்டம்பரில் ஓர் அருமண் காந்த ஆலை திறக்கப்பட்டது. கனடாவைச் சேர்ந்த நியோ நிறுவனத்துக்குச் சொந்தமான அது, ஒன்றிய நிதியுதவியோடு எழுந்தது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 2,000 டன் காந்தம் தயாரிக்கும் திறன் கொண்டது. ஐரோப்பா இறக்குமதி செய்யும் இவ்வகைக் காந்தங்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு சீனத்திலிருந்து வரும் நிலையில் இது சிறிய அளவுதான். நார்வாவின் காந்தம் சீனக் காந்தத்தைவிட விலை கூடுதலாக இருக்கும் நாளில், ஜெர்மன் கார் நிறுவனங்களின் ஊர்களான ஸ்டுட்கார்ட்டிலும் வோல்ஃப்ஸ்பர்கிலும் கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் எந்த ஆர்டரில் கையெழுத்திடுவார்கள், அந்த விலை வேறுபாட்டை யார் தலையில் எழுதுவார்கள் என்பதைப் பிரஸ்ஸல்ஸ் இன்னும் முடிவு செய்யவில்லை.